பழைய மேசைக்குப் பெயின்ட் அடிக்குமுன் அடியில் பாருங்கள்

புது வீட்டுக்குக் குடிபோயிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் கடையில் புதிதாக வாங்கக் கையில் பணமில்லை, பழைய சாமான்களை வாங்கிப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். ஏற்கெனவே ஒரு சின்ன மேசைக்கு வெள்ளை அடித்திருக்கிறீர்கள். நகம் பட்டாலே உரிகிறது, நடுவில் மஞ்சள் கறை வேறு கிளம்பியிருக்கிறது. உப்புத்தாள் போட்டே ஆகவேண்டுமா, சாக் பெயின்ட் வாங்கினால் இந்த வேலையெல்லாம் மிச்சமா, எந்தச் சாமானை நம்பி வாங்கலாம், பால்கனிக்கும் சுவருக்கும் எளிதாக என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நான்கு, ஆனால் முதல் மூன்றும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன: பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

மேசையிலிருந்து தொடங்குவோம். உரிவது ஒரு கோளாறு, மஞ்சள் கறை இன்னொரு கோளாறு. காரணமும் வேறு, மருந்தும் வேறு. பலர் இரண்டையும் சேர்த்து ‘பெயின்ட் மட்டம்’ என்று முடிவுகட்டி, விலை கூடிய டப்பா ஒன்றை வாங்கிவந்து அதே இடத்தில் அடிப்பார்கள். அதுவும் உரியும்.

உரிந்த துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பாலிதீன் தாள் மாதிரி முழுசாக வந்து, அடிப்பக்கம் வழவழவென்று இருந்தால், பெயின்ட் பழைய வார்னிஷ் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது, அதைப் பிடிக்கவே இல்லை. அடிப்பக்கத்தில் பழைய பூச்சு ஒட்டிக்கொண்டு வந்தால், உங்கள் பெயின்ட் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. பழைய பூச்சுதான் மரத்தை விட்டுவிட்டது. அப்போது பழையதைச் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. மூன்றாவது ஒன்றும் உண்டு. உரியாது, ஆனால் நகம் பட்ட இடம் குழிந்துபோகும். அது இன்னும் இறுகாத பெயின்ட். பொறுத்திருந்தால் தானே சரியாகும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை. விரல்களின் எண்ணெய்ப்பிசுக்கு, எப்போதோ போட்ட மெழுகு பாலிஷ், ஸ்ப்ரே பாலிஷில் வரும் சிலிகான், இவற்றில் ஏதோ ஒன்று நடுவில் இருக்கிறது. சிலிகான் என்றால் அடிக்கும்போதே தெரிந்துவிடும். பெயின்ட் சின்னச் சின்ன வட்டங்களாக விலகி, அடியில் இருப்பதைக் காட்டும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் கழுவுவது, அப்புறம் தேய்ப்பது. நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். பிசுக்கோடு உப்புத்தாள் போட்டால், தாள் உண்டாக்கும் கீறல்களுக்குள்ளேயே அந்தப் பிசுக்கை அழுத்தித் தேய்த்துவிடுவோம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் சோப்பு போகத் துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். மெழுகு சோப்புக்கு அசையாது. அதற்கு மினரல் டர்பென்டைன் தொட்ட துணி வேண்டும். இழுப்பறைக் கைப்பிடியைச் சுற்றியுள்ள இடம், நாற்காலிக் கை, கதவின் மேல் விளிம்பு, இங்கெல்லாம் இரண்டு முறை துடைத்தாலும் தப்பில்லை.

உப்புத்தாள் போட்டே ஆகவேண்டுமா என்றால், ஆம். ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. பழைய பூச்சு கெட்டியாக இருந்தால் அதை எடுக்க வேண்டியதில்லை, மினுமினுப்பை மட்டும் கொன்றால் போதும். 120ஆம் எண் தாளில் ஒரு சுற்று, 180 அல்லது 220இல் இன்னொரு சுற்று. கையை மரத்தின் ரேகை போகும் திசையிலேயே ஓட்டுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எங்கேயும் பளபளப்பு தெரியக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. மேலே ஒட்டியிருப்பது வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு என்றால் மெஷினை எடுக்காதீர்கள். இப்போது வரும் வெனீர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்மூடித் திறப்பதற்குள் அடியில் இருக்கும் பலகை தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிகப் பழைய சாமானில் ஏற்கெனவே பெயின்ட் இருந்தால், அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அமெரிக்கா 1978இல் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடைசெய்தது. பல நாடுகள் அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்புக்கு வந்தன. அந்தப் பெயின்ட்டை உலர்வாகத் தேய்த்தால் தூள் காற்றில் பறக்கும், குழந்தைகளுக்குத்தான் முதல் ஆபத்து. வயது தெரியாத பெயின்ட் என்றால் சோதித்துப் பாருங்கள், அல்லது அந்தச் சாமானை விட்டுவிடுங்கள். சாதாரண மரத்தூளுக்கே என்95 மாஸ்க் போட்டுக்கொள்வது நல்லது.

இனி மஞ்சள் கறை. மரத்தில் டானின் என்ற பொருள் இருக்கிறது, கருநிற மரங்களில் அதிகம். தண்ணீர் கலந்த பெயின்ட் அதைக் கரைத்து மேலே இழுத்துவரும். மேலே இன்னொரு கோட், இன்னொரு கோட் என்று அடித்துக்கொண்டே போனால் கறையும் கூடவே ஏறும். இதை நிறுத்துவது ஷெல்லாக் பிரைமர், பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. ஷெல்லாக் என்பது மரக்கிளைகளில் ஒரு சின்னப் பூச்சி சுரக்கும் அரக்குதான். அது தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். அதனால் தண்ணீர்ப் பெயின்ட் அதைத் தாண்டிக் கீழே போய் டானினைத் தொட முடியாது. சிகரெட் வாடை, பழைய அலமாரியின் பூஞ்சை வாடை இவற்றையும் அது அடைத்துவைக்கும். இழுப்பறையின் உட்பக்கத்துக்கு ஒரு கை அடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவ முடியாது, ஸ்பிரிட்டில்தான் கழுவ வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு, விளக்கு ஏதும் எரியாத இடத்தில் அடியுங்கள்.

சாக் பெயின்ட் பற்றி இரண்டு பக்கமும் சொல்லவேண்டும். 1990இல் இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் என்பவர் உருவாக்கியது அது. இப்போது பல கம்பெனிகள் அதே மாதிரி செய்கின்றன. நன்றாகப் பிடிக்கும், ஒளியில்லாத மென்மையான தோற்றம் தரும், தேய்க்காமலேயே அடிக்கலாம் என்பதும் ஓரளவு உண்மை. ஆனால் பிசுக்கைக் கழுவாமல் இருக்க அது அனுமதிச் சீட்டு இல்லை, டானின் கறையையும் அது தடுக்காது. அப்புறம், காய்ந்த பரப்பு நுண்துளை நிறைந்தது. கைரேகை முதல் எண்ணெய் வரை எல்லாவற்றையும் குடிக்கும். அதனால் மேலே மெழுகோ வார்னிஷோ போட்டே ஆகவேண்டும். மெழுகு சூட்டுக்கு இளகும், புழங்கும் இடத்தில் தேய்ந்துபோகும், அவ்வப்போது மறுபடி பூசவேண்டும். பின்னால் நிறம் மாற்ற நினைத்தால் அந்த மெழுகை முழுக்க எடுக்காமல் வேறு வகைப் பெயின்ட் ஒட்டாது. படச்சட்டம், கண்ணாடிச் சட்டம், ஓரமாக நிற்கும் சின்ன அலமாரி என்றால் தாராளமாக வாங்குங்கள். தினம் தட்டு வைத்து எடுக்கும் மேசைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். அதற்கு பிரைமரும் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் எனாமலும்தான்.

அடிக்கும் முறையில் பெரிய ரகசியம் ஏதும் இல்லை. மெல்லிய கோட்டாக அடியுங்கள், இரண்டு அல்லது மூன்று. தண்ணீர்ப் பெயின்ட்டுக்கு செயற்கை நார் பிரஷ் வேண்டும். பன்றிமுடி பிரஷ் தண்ணீரைக் குடித்துத் தளர்ந்துவிடும். தட்டையான பரப்புக்கு சின்ன ஃபோம் ரோலர் வசதி. காய ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பப் போகாதீர்கள். பிரஷ் கோடு தெரிகிறதே என்று போய்த் தடவினால் அது உழுத வரியாகிவிடும். காய்ந்தபின் 220ஆம் எண் தாளால் லேசாகத் தடவி அடுத்த கோட் அடித்தால் போயிற்று. வெள்ளைக்கு மேல் எண்ணெய் வகை பாலியூரித்தேன் போடாதீர்கள், அது நாளடைவில் மஞ்சளாகும். தண்ணீர் வகை நிறமில்லாமல் நிற்கும்.

காய்வதும் இறுகுவதும் வேறுவேறு. டப்பாவில் ‘ஒரு மணி நேரத்தில் காயும்’ என்று போட்டிருப்பது தொட்டால் ஒட்டாது என்ற அளவுக்குத்தான். முழுசாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும், ஈரப்பதமான காலத்தில் இன்னும் கூடும். அதற்குள் புத்தகத்தை அடுக்கினால் அட்டை ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் அதன் அச்சு விழுந்துவிடும். அலமாரிக் கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு திறக்கும்போது உரிவதும் இதனால்தான். கதவைக் கழற்றி அடியுங்கள், அல்லது திறந்தே வையுங்கள்.

ஆக, உங்கள் மேசையில் உரிவதையெல்லாம் சுரண்டி எடுத்து, கழுவி, தேய்த்து, ஷெல்லாக் பிரைமர் ஒரு கோட் கொடுத்து அதற்குமேல் வெள்ளை அடியுங்கள். கறை இடத்துக்கு மட்டும் பிரைமர் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். இன்னொரு இடத்தில் கிளம்பும்.

அடுத்து, வாங்குவது. பழைய சாமான் கடையில் எல்லோர் கண்ணும் நிறத்தின்மேல் போகிறது. நிறத்தைத்தான் நாம் மாற்றப்போகிறோமே! பார்க்கவேண்டியது மூட்டுகளை. மேசையின் ஒரு முனையில் கைவைத்து மூலைக்கு மூலை தள்ளிப்பாருங்கள். ஆட்டம் இருந்தால் எந்த மூட்டு என்று கண்டுபிடியுங்கள். இழுப்பறை ஒன்றை முழுக்க வெளியே எடுத்து அதன் பக்கப் பலகையும் முகப்பும் சேரும் இடத்தைப் பாருங்கள். விசிறி போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருந்தால், அது இழுக்க இழுக்க இறுகும் மூட்டு. செய்தவர் சாமானை மதித்துச் செய்திருக்கிறார். ஸ்டேப்பிளரால் அடித்திருந்தால் பேரம் பேசுங்கள். அப்படியே குனிந்து அடிப்பக்கத்தையும் முதுகையும் பாருங்கள். மேல்பலகையின் ரேகை விளிம்பில் திரும்பிக் கீழே தொடர்கிறதா? தொடர்ந்தால் முழு மரம். விளிம்பில் ஒரு பட்டை தனியாக ஒட்டியிருந்தால் வெனீரோ லேமினேட்டோ. அதில் தப்பில்லை, தெரிந்து வாங்கவேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீர் குடித்து ஊதிப்போன பார்ட்டிகிள் போர்டை (மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) மட்டும் இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். அது திரும்பச் சுருங்காது, ஸ்க்ரூவும் பிடிக்காது.

பூச்சி விஷயத்தில் தாட்சண்யம் வேண்டாம். குண்டூசித் தலை அளவுக்கு வட்டத் துளைகள் இருந்தால் உளுத்த மரம். துளை இருப்பதே ஆபத்து என்றில்லை, வண்டு எப்போதோ வெளியேறியிருக்கலாம். தட்டிப்பாருங்கள்: மாவு போல வெளுத்த தூள் உதிர்ந்தால் உள்ளே இன்னும் வேலை நடக்கிறது. மெத்தை வைத்த நாற்காலி, கட்டில் என்றால் தையல் மடிப்பிலும் ஸ்க்ரூ துளையிலும் டார்ச் அடித்து, கரும்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டைப்பூச்சி ஒருமுறை வீட்டுக்குள் வந்தால் மிச்சம் பிடித்த பணத்தைப்போல் பல மடங்கு போகும். பழைய குழந்தைக் கட்டில் வாங்கினால் கம்பிகளின் இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது, பக்கக் கம்பி மேலும் கீழும் இறங்கும் வகையும் வேண்டாம்.

ஆடும் நாற்காலிக்குப் பயந்து பின்வாங்காதீர்கள். கடையில் விலை குறைவதற்குக் காரணமே அதுதான், சரிசெய்வதோ எளிது. ஆனால் மூட்டின் வெளியே பசையை ஊற்றுவதும் ஆணி அடிப்பதும் சரிசெய்வது ஆகாது. கழுந்தை (துளைக்குள் செருகியிருக்கும் கட்டை முனை) துளையிலிருந்து முழுக்கக் கழற்றி, இரண்டிலும் இருக்கும் பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். இறுகிய வெள்ளைப் பசையின் மேல் புதிய பசை பிடிக்காது, அதற்கு வெறும் மரம் வேண்டும். புதிதாகப் பசை தடவிச் சேர்த்து, நான்கு கால்களையும் சுற்றி ஒரு கயிற்றை இரண்டு சுற்று தளர்வாகக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். முறுக்க முறுக்க மூட்டு மூடிக்கொள்ளும், பசை ஓரத்தில் பிதுங்கும். அதை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அந்த இடத்தில் பின்னால் பாலிஷ் ஏறாது. குச்சியைக் காலின் மேல் முட்டுக்கொடுத்து ஒரு நாள் அப்படியே விடுங்கள். நாற்காலி சமதரையில் நிற்கட்டும், இல்லாவிட்டால் கோணலாகவே இறுகிவிடும்.

சின்ன வேலைகள் இன்னும் சில. ஸ்க்ரூ துளை பெரிதாகிக் கீல் தொங்கினால், பல்குச்சிகளைப் பசையில் தோய்த்துத் துளையை நிறைத்து, காய்ந்தபின் நறுக்கிவிட்டுத் திரும்ப முடுக்குங்கள். இழுப்பறை சிக்கினால் அது ஓடும் கட்டையில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். தொய்ந்த பிரம்புப் பின்னல் அறுந்திராவிட்டால், நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் வெந்நீர்த் துணியை அரைமணி நேரம் போட்டுவைத்து, யாரும் உட்காராமல் ஒரு நாள் உலரவிடுங்கள். பிரம்பு சுருங்கி மறுபடி விறைத்துக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிக்காதீர்கள். நல்ல மரத்தில் பூச்சு மட்டும் மங்கியிருந்தால், கண்ணில் படாத மூலையில் ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்துப்பாருங்கள். பிசுபிசுத்தால் ஷெல்லாக். புதிதாக மெல்லிய ஷெல்லாக் ஒரு கை பூசினால் பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும், மரம் விழித்துக்கொள்ளும். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் பாலியூரித்தேன் மாதிரி ஏதோ ஒன்று, தேய்த்து எடுக்கவேண்டியதுதான். எடுத்தபின் ஆளிவிதை எண்ணெய் பூசுவதென்றால், துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துப் போட்டு, விறைத்துக் காய்ந்தபின் எறியுங்கள்.

பால்கனிக்கும் தோட்டத்துக்கும் மரப் பேலட் (சரக்குகளை அடுக்கி அனுப்பும் மரத்தட்டு) சுலபமாகக் கிடைக்கும். எடுக்குமுன் அதன் முத்திரையைப் பாருங்கள்: நாடு விட்டு நாடு போகும் பேலட்டில் கதிர் படத்தோடு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். ‘எச்.டி.’ (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். ‘எம்.பி.’ (MB) என்றால் மீத்தைல் புரோமைடு வாயு அடித்தது, வேண்டாம். முத்திரையே இல்லாமல் எண்ணெயோ ரசாயனமோ சிந்திய தடம் இருந்தால் அதுவும் வேண்டாம். கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறிய பழைய ரயில் கட்டைகளைக் காய்கறிப் பாத்திக்குக் கரை கட்டவோ உட்காரும் பெஞ்சுக்கோ பயன்படுத்தாதீர்கள்.

பழைய வாளி, டின், இழுப்பறை எதுவும் தொட்டியாகும். அடியில் துளை மட்டும் அவசியம். துளை போட மனமில்லாமல் அடியில் ஜல்லி கொட்டுவது பரவலாக இருக்கிறது. அது உதவாது. நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய கல்லின் இடைவெளிக்குச் சுலபத்தில் இறங்காது. மண் முழுக்க ஊறிய பிறகுதான் இறங்கும். அதனால் சொதசொதப்பான பகுதி வேருக்கு இன்னும் அருகில் ஏறிவிடுகிறது. அழகான பாத்திரத்தைத் துளைக்க வேண்டாம் என்றால், துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியை அதற்குள் இறக்கிவையுங்கள். அடித்தட்டுத் தண்ணீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிவிடுங்கள், கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய அவ்வளவு நாள்தான் ஆகும். மண்தொட்டிக்கு வெளியே மட்டும் பெயின்ட் அடித்தால், உள்ளிருந்து கசியும் ஈரம் அதைக் கொப்பளமாகத் தள்ளிவிடும். உட்பக்கத்தை முதலில் சீலரால் அடைத்துவிட்டு வெளியே அடியுங்கள்.

இரும்பு நாற்காலிக்கு: உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அப்புறம் எனாமல். துத்தநாக முலாம் பூசிய வாளி என்றால் எண்ணெய் எனாமலை நேரடியாக அடிக்காதீர்கள். துத்தநாகம் அதோடு வினைபுரிந்து சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகிப் பெயின்ட் உரியும். அதற்கு அக்ரிலிக் பிரைமர்தான்.

சுவருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படங்களை எல்லோரும் உயரமாகவே மாட்டுகிறார்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டரில் இருந்தால் பார்வைக்கு நேராக வரும். சோபாவுக்கு மேலே என்றால் அதன் முதுகிலிருந்து ஒரு சாண் இடைவெளி போதும். துளை போடுமுன் சட்டத்தின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டி ஒட்டி ஓரிரு நாள் பாருங்கள். அலங்காரக் கணக்கில் சேராவிட்டாலும் இதையும் செய்யுங்கள்: உயரமான பழைய அலமாரியை எல் வடிவ இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைத்துவிடுங்கள். குழந்தை இழுப்பறைகளைத் திறந்து படியாக ஏறினால், எவ்வளவு கனமான அலமாரியும் முன்னால் சாயும். பெயின்ட் இறுகியதும், சாமான்களை நிறைப்பதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். நிறைத்த அலமாரியை நகர்த்தி ஸ்க்ரூ போட யாருக்கும் கை வராது.